கரைப்பான் ஆலைகளில் மரை இணைப்புக் கசிவடைப்பு

மரை இணைப்புக் கசிவடைப்பு என்பது, திருகிப் பொருத்தும் குழாய், வால்வு, அழுத்தமானி ஆகியவற்றின் மரைகளுக்கிடையே திரவமோ ஆவியோ வெளியேறாமல் தடுக்கும் தொழில்முறை. கரைப்பான் கொண்டு எண்ணெயும் சாறும் பிரித்தெடுக்கும் கருவிகளில் இதற்குத் தனிக் கவனம் தேவைப்படுகிறது. தவிட்டெண்ணெய் ஆலைகளில் பயன்படும் ஹெக்சேன், காற்றில் 1.1 விழுக்காடு கலந்தாலே தீப்பற்றக்கூடியது. அதன் ஆவி காற்றைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு கனமாதலால் தரையோடு தவழ்ந்து சாக்கடையில் இறங்கும். 1981 பிப்ரவரி 13 அன்று அமெரிக்காவின் லூயிவில் நகரில், சோயா ஆலை ஒன்றிலிருந்து சாக்கடைக்குள் போன ஹெக்சேன் வெடித்து இரண்டு மைலுக்கு மேல் தெருக்கள் பிளந்தன. (அது மரைக் கசிவால் நேர்ந்ததன்று, இந்த ஆவி எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சான்று.)

ஹெக்சேன் ஆலைகள் வளிமண்டல அழுத்தத்தை ஒட்டியே இயங்குகின்றன. திரவப் புரோப்பேனைப் பயன்படுத்தும் கருவிகளில் 25 டிகிரி செல்சியசிலேயே அழுத்தம் 9 பாரைத் தாண்டும். நறுமணப் பொருள்களிலிருந்து சாறெடுக்கும் கார்பன் டை ஆக்சைடு கருவிகளில் 200, 300 பார் என்பது வழக்கமான அளவு.

எவ்வளவு துல்லியமாக வெட்டிய மரையானாலும், ஒன்றின் முகட்டுக்கும் மற்றதன் பள்ளத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி சுருளாக ஓடுகிறது. அந்த வழியை நிரப்புவது மட்டுமே அடைப்புப் பொருளின் வேலை. அழுத்தத்தைத் தாங்குவது மரை. மரை தேய்ந்தோ சிதைந்தோ போனபின் மேலே எத்தனை சுற்று டேப் சுற்றினாலும் பயனில்லை.

வரலாறு: 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பட்டறைக்கொரு மரை இருந்தது. ஓரிடத்தில் செய்த திருகாணி இன்னோரிடத்து மரையில் ஏறாது. 1841இல் இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த், முகடும் பள்ளமும் உருண்ட 55 பாகை மரையைப் பொது அளவாக முன்வைத்தார். பி.எஸ்.பி. எனப்படும் பிரிட்டிஷ் குழாய் மரை இதன் வழிவந்தது. இந்தியா, இலங்கை உட்படப் பிரிட்டிஷ் ஆட்சி நடந்த நாடுகளில் அதுவே வேரூன்றியது. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864இல் 60 பாகை மரையை முன்மொழிந்தார். அதற்குச் சற்று முன்பே, 1862இல், பிலடெல்பியாவின் பாஸ்கல் இரும்பாலையைச் சார்ந்த ராபர்ட் பிரிக்ஸ் குழாய்களுக்கான கூம்பு மரையின் அளவுகளை வகுத்திருந்தார். அமெரிக்க உற்பத்தியாளர்கள் 1886இல் அவற்றைப் பொது அளவாக ஏற்றனர். இன்றைய என்.பி.டி. மரை பிரிக்ஸின் கொடையே. கூம்பு மரையின் சரிவு இரு மரபிலும் ஒன்றுதான்: 16 அங்குல நீளத்துக்கு விட்டத்தில் 1 அங்குலம்.

வகைகள்: கூம்பு மரையில் இறுக இறுக உலோகம் உலோகத்தை நெருக்குவதால் மரையிலேயே அடைப்பு கிடைக்கிறது. ஐ.எஸ்.ஓ. 7, அதற்கிணையான இந்தியத் தரம் ஐ.எஸ். 554 ஆகியவை இவ்வகைக்குரியவை. ஐ.எஸ்.ஓ. 228இல் அடங்கும் நேர் மரையோ பிடிமானத்துக்கு மட்டுமே. அங்கே அடைப்பது முகப்பிலுள்ள வாசர் அல்லது ஓ-ரிங். நேர் மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவது பரவலான வழக்கம், ஆனால் தவறு. மிக உயர்ந்த அழுத்தக் கருவிகளில் குழாய் முனையின் உலோகக் கூம்பே அடைக்கிறது.

அரை அங்குலம், முக்கால் அங்குலம் ஆகிய இரு அளவுகளிலும் பி.எஸ்.பி., என்.பி.டி. இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 மரை. அதனால் என்.பி.டி. மரையுள்ள அழுத்தமானி, பி.எஸ்.பி. கப்ளிங்கில் கையால் சில சுற்று சுலபமாக ஏறி, பிறகு இறுகி நின்றுவிடும். நன்றாக இறுகியது என்றே ஃபிட்டர் நினைப்பார். கோணம் பொருந்தாததால் அது கசிந்துகொண்டே இருக்கும்.

அடைப்புப் பொருள்கள்: முற்காலத்தில் சணல் இழையைச் சுற்றி, ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வெள்ளை ஈயம் அல்லது செவ்வீயம் பூசினர். உணவு எண்ணெய்க் குழாயில் ஈயத்துக்கு இடமில்லை. 1938 ஏப்ரல் 6 அன்று டூபான்ட் ஆய்வகத்தில் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டறிந்த பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) ஹெக்சேன், அசிட்டோன், எத்தனால் எதிலும் கரையாது. 260 டிகிரி வரை தாங்கும். கரைப்பான் குழாய்க்கு இதைவிடப் பொருத்தமான பொருள் இல்லை. காற்றுப் படாத இடத்தில் உலோகத்தின் தொடர்பால் இறுகும் பசைகளும் உண்டு. அவை துருப்பிடிக்காத எஃகில் மெதுவாகவே இறுகும்.

டேப் சுற்றுமுன் பழைய டேப்பைக் கம்பித் தூரிகையால் முழுதும் நீக்க வேண்டும். குழாய் முனை நம்மை நோக்கியிருக்க, கடிகாரத் திசையில், மரையின் வடிவம் தெரியுமளவு இழுத்துப் பிடித்துச் சுற்ற வேண்டும். முதல் மரையை வெறுமையாக விடாவிட்டால் துணுக்குகள் உள்ளே போய் வால்வின் இருக்கையில் சிக்கும். டெஃப்லான் வழுக்குவதால் அளவுக்கு மீறி இறுக்கிவிடுவதும் எளிது. வார்ப்பிரும்பு எல்போக்கள் இப்படித்தான் விரிசல் விடுகின்றன. திசை சரிசெய்யச் சற்றே பின்னால் திருப்பினாலும் இணைப்பைக் கழற்றிப் புதிதாகச் சுற்றியாக வேண்டும்.

ஓ-ரிங்கைக் கரைப்பானுக்கேற்பத் தேர்வது அவசியம். ஈ.பி.டி.எம். ரப்பர் ஹெக்சேனில் ஊதிப்போகும்; அசிட்டோனைத் தாங்கும். வைட்டான் ரப்பர் இதற்கு நேர்மாறு.

கசிவைக் கண்டறிய, கரைப்பானை வடித்து ஆவியையும் நீக்கியபின், நைட்ரஜன் செலுத்திச் சோப்பு நீர் பூசிக் குமிழி பார்ப்பர். அழுத்தம் இருக்கும்போது ஸ்பானரை வைக்கக்கூடாது. வெளியே எபாக்சி மக்கு அப்புவது பழுதை மறைக்குமே தவிர நீக்காது. மரை இணைப்பின் விளிம்பைப் பற்றவைத்தே கசிவை அடைப்பதானால் அந்த மரையில் டேப்போ பசையோ இருக்கலாகாது.

இன்று புதிய ஆலைகளில் முதன்மைக் குழாய்கள் பற்றவைத்தும் ஃபிளாஞ்சு வைத்தும் இணைக்கப்படுகின்றன. மரை இணைப்பு பெரும்பாலும் அழுத்தமானி, மாதிரி எடுக்கும் வால்வு போன்ற சிறு குழாய்களில் மட்டும் எஞ்சியுள்ளது.