மீன்முள் ஆன்டெனா சொன்ன பாடம்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது. தெற்கே கரையோர மாவட்டங்களுக்கு அதன் அலை எட்டவில்லை. 1982 பிப்ரவரி 15-இல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியது. அதன் அலைபரப்பி 2,524 மீட்டர் உயரமுள்ள பீதுருதலாகலை மலைமேல் இருந்தது. அப்புறம் கேட்கணுமா! தூத்துக்குடி, இராமநாதபுரம் பக்கம் டி.வி. வாங்கினவர்கள் ஆன்டெனாவைத் தென்கிழக்கே திருப்பி வைத்தார்கள்.

மீன்முள் மாதிரி இருக்குமே, அந்த ஆன்டெனாவை ஜப்பானில் யாகி, உடா என்ற இரு அறிஞர்கள் 1926-இல் அறிவித்தார்கள். எந்தப் பக்கம் முகம் காட்டுகிறதோ, அந்தப் பக்கத்து அலையைத்தான் அது நன்றாக வாங்கும். காற்றில் திரும்பிக்கொண்டால் படம் போச்சு.

படம் போனால் முதல் பழி பெட்டிமேல்தான். டவுனுக்குத் தூக்கிப்போய் ஒருநாள் வேலையும் கெடும். கோளாறோ கூரைமேல்! திரையில் புள்ளி கொட்டினால் அலை பலவீனம். இணைப்பில் உப்புக்காற்றுத் துரு ஏறினாலும் அதே கதிதான். ஒரே ஆள் இரண்டாகத் தெரிந்தால், அலை எதிலோ பட்டு இன்னொரு வழியாகவும் வருகிறது என்று அர்த்தம்.

எல்லாம் சரியாக இருந்தும் சில நாள் படம் மங்கும். கடல்மேல் காற்று அடுக்கடுக்காக நின்றால் அலை வளைந்து வெகுதூரம் வரும். அடுக்கு கலைந்தால் வராது. அதற்கு மெக்கானிக் என்ன செய்வார்?

அனுபவத்தில் கண்ட வரிசை இது: முதலில் திசை, பிறகு இணைப்பு, பிறகு ஒயர், கடைசியில்தான் பெட்டி.

தூர்தர்ஷனின் பழைய தரைவழி ஒளிபரப்பு 2022-க்குள் பெரும்பாலும் நின்றுவிட்டது. அந்த வரிசை இன்றைக்கும் உதவும். பம்புசெட் ஓடலைன்னா, மோட்டாரைக் கழற்றுமுன் மெயினை அணைத்துவிட்டு ஃபியூஸையும் இணைப்பையும் பாருங்க.