ஆங்கில அகராதி எழுந்த வரலாறு



கல்லூரியில் முதலாண்டு பயின்றபோது எனக்கு ஒரு சிறு தோல்வி நேர்ந்தது. 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சாசர் என்னும் ஆங்கிலப் புலவரின் செய்யுட் பகுதி ஒன்று எங்களுக்குப் பாடமாக இருந்தது. அதில் ஒருவனைப் புலவர் 'நைஸ்' என்ற சொல்லால் குறித்திருந்தார். அவன் இனிய பண்புடையவன் என்று நான் விடை எழுதினேன். ஆசிரியர் அவ்விடையைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார். என் சிற்றகராதியைக் கையில் எடுத்துக்கொண்டு அவரிடம் வழக்காடச் சென்றேன். 'இனிய' என்னும் பொருளே அதில் முதலாவதாக நின்றது. அகராதியே என் பக்கம் இருக்கும்போது எனக்கு என்ன அச்சம்?

ஆசிரியர் சினந்துகொள்ளவில்லை. என்னை நூலகத்துக்கு அழைத்துச் சென்று, ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதியின் தொகுதி ஒன்றை விரித்து வைத்தார். 'நைஸ்' என்ற சொல்லுக்கு மட்டும் அதில் பத்தி பத்தியாக விளக்கம் இருந்தது. ஒவ்வொரு பொருளின் கீழும் ஆண்டுக் குறிப்புடன் மேற்கோள்கள் அணிவகுத்து நின்றன. 'அறியாதவன்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் அது. சாசர் காலத்தில் அதற்குப் 'பேதை' என்று பொருள். பின்னர் எதிலும் குறை காண்பவனையும், அதன்பின் நுட்பமானதையும் அது குறித்தது. 18ஆம் நூற்றாண்டில்தான் 'இனிய' என்னும் பொருள் அதற்கு நிலைத்தது. நறுமணத்தைக் குறித்த நம் 'நாற்றம்' இன்று தீய மணத்தைக் குறிப்பதைப் போன்றதே இதுவும். என் வழக்கு தோற்றது. ஆனால் அகராதி என்பது யாது என்னும் கேள்வி அன்று என்னுள் பிறந்தது. அதன் விடையையே இன்று உங்களிடம் பகிர்ந்துகொள்கிறேன்.

ஆங்கிலத்துக்கு மட்டுமே உரிய முதல் அகராதியை 1604இல் ராபர்ட் காட்ரி என்பவர் வெளியிட்டார். ஏறத்தாழ 2,500 அருஞ்சொற்களுக்கு மட்டுமே அது பொருள் கூறிற்று. எல்லோரும் அறிந்த சொல்லுக்கு அகராதி எதற்கு என்பதே அக்காலத்தார் எண்ணம். அவ்வெண்ணத்தை மாற்றியவர்களுள் தலையாயவர் சாமுவேல் ஜான்சன். 1746இல் அவர் பணியை ஏற்றபோது மூன்றாண்டில் முடிப்பதாகக் கருதினார். எழுத்தர் அறுவரைத் துணைக்கொண்டு உழைத்தும், 1755இல்தான் நூல் வெளிவந்தது. 40,000க்கும் மேற்பட்ட சொற்களும், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்களும் அதில் இடம்பெற்றன.

ஜான்சனின் மனமாற்றமே இவ்வரலாற்றின் திருப்புமுனை எனலாம். மொழி சிதையாதபடி அதனை நிலைநிறுத்திவிட வேண்டும் என்ற ஆசையோடு அவர் தொடங்கினார். பணியை முடித்து முன்னுரை எழுதும்போது, அது இயலாத ஆசை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். வாழும் மொழிக்கு அணை கட்ட முடியாது என்பதை ஒன்பதாண்டு உழைப்பு அவருக்கு உணர்த்திற்று. நீதிபதியாகப் புகுந்தவர் சாட்சியாக வெளிவந்தார்.

அவருக்குப் பின் நூறாண்டு கழித்து, 1857இல், லண்டன் மொழியியற் கழகத்தில் ரிச்சர்ட் செனவிக்ஸ் டிரெஞ்ச் என்னும் சமய அறிஞர் உரை நிகழ்த்தினார். அகராதி ஆசிரியன் மொழியின் வரலாற்றாசிரியனாக இருத்தல் வேண்டும். நல்ல சொல், தீய சொல் என்று பிரித்துத் தீர்ப்புக் கூறுதல் அவன் வேலையன்று என்று அவர் வாதிட்டார். ஒவ்வொரு சொல்லும் எப்போது பிறந்தது, எப்படி மாறியது, எப்போது மறைந்தது என்பதைச் சான்றுகளால் நிறுவ வேண்டும் என்பது அவர் கருத்து. கழகம் அதனை ஏற்றது. ஆனால் முதல் பதிப்பாசிரியரான ஹெர்பர்ட் கோல்ரிட்ஜ் 1861இல் தம் முப்பதாம் வயதிலேயே காலமானார். அதன்பின் பணி பல்லாண்டுகள் தளர்ந்து கிடந்தது.

1879இல் அப்பொறுப்பை ஏற்றவர் ஜேம்ஸ் மரே. ஸ்காட்லாந்தில் எளிய குடியில் பிறந்து, பதினான்காம் வயதில் பள்ளியை விட்டு, தாமே பல மொழிகளைக் கற்றுப் பள்ளி ஆசிரியரானவர் அவர். தம் இல்லத்தருகே இரும்புத் தகட்டால் ஒரு கொட்டகை அமைத்து, அதில் அமர்ந்து பணியாற்றினார். ஆங்கிலம் பேசும் மக்களுக்கு அவர் ஒரு வேண்டுகோள் விடுத்தார்: நூல்களைப் படியுங்கள், கருதத்தக்க சொல்லைக் கண்டால், அச்சொல் வரும் வாக்கியத்தை ஆண்டு, ஆசிரியர், நூல், பக்கம் ஆகியவற்றுடன் ஒரு சீட்டில் எழுதி அனுப்புங்கள் என்றார். ஆயிரக்கணக்கானோர் ஊதியமின்றி உழைத்தனர். 50 லட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் குவிந்தன. அவற்றை அகர வரிசையில் அடுக்கி, பொருள்வாரியாகப் பிரித்து, காலமுறைப்படி நிரல்படுத்தினர். மரேயின் குழந்தைகளும் சில்லறைக் காசு பெற்றுக்கொண்டு சீட்டு அடுக்கினர்! சான்றுகள் பேசிய பிறகே பொருள் எழுதப்பட்டது.

இத்தகைய பணியில் பிழைகளும் நேர்ந்தன. மரே பொறுப்பேற்கும் முன்பே ஒரு பகுதிச் சீட்டுகள் அயர்லாந்தில் அடுப்பெரிக்கப் பயன்பட்டுப் போயின. அடிமைப் பெண்ணைக் குறிக்கும் 'பாண்ட்மெய்ட்' என்ற சொல்லின் சீட்டுகள் காணாமற்போனதால், அச்சொல் முதற்பதிப்பில் விடுபட்டது. 1933ஆம் ஆண்டின் இணைப்பில்தான் அது இடம்பெற்றது. 'அப்பெண்டிசைட்டிஸ்' என்னும் குடல்வால் அழற்சியின் பெயரும் விடுபட்டது. அப்பகுதி அச்சேறிய 1885ஆம் ஆண்டளவில் அது மருத்துவர் வாயில் அப்போதுதான் தோன்றிய புதுச்சொல். 1902இல் மன்னர் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழா அந்நோயினாலேயே தள்ளிவைக்கப்பட்டபோது, நாடெங்கும் அச்சொல் ஒலித்தது. அகராதி ஒரு பக்கத்தை அச்சிட்டு முடிப்பதற்குள் மொழி அடுத்த அடியை எடுத்து வைத்துவிடுகிறது!

பத்தாண்டில் பணி முடியும் என்று எண்ணியிருந்தனர். ஐந்தாண்டு கழித்து, 1884இல் முதற் பகுதி வெளிவந்தபோது, 'ஆன்ட்' என்ற சொல்வரைதான் வந்திருந்தனர். 1915இல் மரே மறைந்தார். 1928இல் பணி நிறைவெய்தியபோது, 4,14,825 சொற்களும் 18 லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்களும் அதில் இருந்தன. தொடங்கி வைத்தவர் எவரும் அதைக் காண உயிருடன் இல்லை.

அப்பேரகராதியில் நம் நாட்டுச் சொற்களும் உண்டு. நம் மீனவரின் 'கட்டுமரம்' 17ஆம் நூற்றாண்டில் 'கேட்டமரான்' ஆக ஆங்கிலத்தில் ஏறிற்று. 1804இல் பிரெஞ்சுக் கப்பல்களைத் தகர்க்க ஆங்கிலேயர் விடுத்த வெடிகலத்துக்கு அப்பெயர் சூட்டப்பட்டது. சண்டையிடும் பெண்ணை ஏசவும் அது பயன்பட்டது. இன்று அது இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கிறது. சென்னைக் கடற்கரையில் புறப்பட்ட சொல் எத்தனை துறைமுகங்களைக் கண்டுவிட்டது, பாருங்கள்!

1989இல் இரண்டாம் பதிப்பு இருபது தொகுதிகளாக வந்தது. 2000 முதல் அது இணையத்திலும் கிடைக்கிறது. திருத்தங்களும் புதுச் சொற்களும் தொடர்ந்து சேர்கின்றன. வழக்கொழிந்த சொல்லைக்கூட அப்பேரகராதி நீக்குவதில்லை. ஒரு குறியிட்டு அதன் இடத்திலேயே வைத்துக் காக்கிறது.

என் சிற்றகராதி பொய் கூறவில்லை, நண்பர்களே. அது தன் காலத்துக்கு உண்மையாகவே சாட்சி சொன்னது. பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய வழக்கில் அதைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியது என் தவறு. பழைய நூலில் பழகிய சொல்லைக் காணும்போது, இதன் பொருள் என்ன என்று கேட்பதோடு, எந்தக் காலத்தில் என்றும் கேளுங்கள். அன்று அவ்வாறு கேட்டிருந்தால், அந்தப் பேதையை நான் பண்பாளன் ஆக்கியிருக்க மாட்டேன்.