மருந்துக்கடையும் தடுப்பூசியும்: மருந்தாளுநரின் பொதுச் சுகாதாரப் பணி வளர்ந்த வரலாறு

இந்தியத் தடுப்பூசி வரலாற்றில் மருத்துவருக்கு இடமுண்டு. அம்மை குத்தியவருக்கும், ஆய்வுக்கூட விஞ்ஞானிக்கும், கிராம சுகாதார செவிலியருக்கும் இடமுண்டு. உடம்பு சரியில்லை என்றால் சீட்டோடும் சீட்டில்லாமலும் மக்கள் முதலில் போய் நிற்கிற மருந்துக்கடையின் மருந்தாளுநரைப் பற்றி அந்த வரலாறு பெரும்பாலும் பேசுவதில்லை. அமெரிக்கா, இங்கிலாந்து, போர்ச்சுகல் போன்ற நாடுகளில் அதே தொழிலைச் செய்பவர் இன்று தம் கடையிலேயே தடுப்பூசி போடுகிறார். நம் மருந்தாளுநர்களின் படிப்பு போதாது, நம் மக்கள் ஏற்கமாட்டார்கள் என்று இந்த வேறுபாட்டுக்கு எளிதாகக் காரணம் சொல்லிவிடுகிறோம். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் கடந்த இருநூறு ஆண்டுகளின் ஏற்பாடுகளைத் தொடர்ந்து பார்த்தால், நம் சட்டமும் நிர்வாகமும் மருந்துக்கடையை விற்பனை இடமாக மட்டுமே கண்டதுதான் முதன்மைக் காரணம் என்று தெரியும். அதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அரசின் கையில் இருந்த ஊசி

எட்வர்ட் ஜென்னர் 1798-இல் தம் ஆய்வை வெளியிட்டார். நான்கே ஆண்டுகளில், 1802 ஜூன் 14 அன்று, பம்பாயில் ஆனா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்கு அம்மை குத்தப்பட்டது. பாக்தாத், பாஸ்ரா வழியாக ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு என்று உயிரோடு கடத்தி வரப்பட்ட அம்மைப்பால் அது. அங்கிருந்து சென்னை மாகாணத்துக்கும் பரவியது. தொடக்கம் முதலே இது கிழக்கிந்தியக் கம்பெனி அரசின் வேலையாக இருந்தது. அம்மை குத்துபவர்கள் அரசுச் சம்பளத்தில் ஊர் ஊராகச் சென்றார்கள். தயங்கிய மக்களை இணங்கவைக்கும் பொறுப்பும் அதிகாரிகளிடமே இருந்தது. கம்பெனி அதிகாரியும் திருக்குறளுக்கு உரை கண்டவருமான எல்லிஸ், அம்மை குத்துவதை மக்கள் ஏற்க வேண்டும் என்பதற்காகப் புராணச் சாயலில் ஒரு கதை எழுதியதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். ஊசியைக் காட்டிலும் ஊசியைப் பற்றிய பேச்சு முக்கியம் என்பது அன்றே உணரப்பட்டிருந்தது.

1880-இல் தடுப்பூசிச் சட்டம் வந்தது. 1899-இல் கிண்டியில் அம்மைப்பால் தயாரிக்கும் நிலையம் தொடங்கியது. மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டபிள்யூ. ஜி. கிங்கின் பெயரால் கிங் இன்ஸ்டிடியூட் என்று அறியப்படுவது அதுதான். கன்றுக்குட்டியின் தோலில் வளர்த்தெடுத்த அம்மைப்பால், சுகாதாரத் துறை வழியாக அம்மை குத்துபவரின் கைக்குப் போனது. தயாரிப்பு, வினியோகம், குத்துதல், கணக்கெழுதுதல் எல்லாம் ஒரே துறைக்குள் நடந்தன. கடைவீதிக்கு இதில் வேலையில்லை. அந்தக் காலத்துக்கு அது சரியான ஏற்பாடுதான். அம்மைப்பால் சில நாட்களில் வீரியம் இழக்கும்; தனியார் கடையில் அதைப் பாதுகாக்க வசதி இல்லை. ஆனால் காலம் மாறி, வசதிகள் வந்த பிறகும் ஏற்பாடு மட்டும் மாறவில்லை.

கம்பவுண்டரும் 1948-ஆம் ஆண்டுச் சட்டமும்

அப்போது கடைவீதியில் யார் இருந்தார்கள்? பெரிய நகரங்களில் ஐரோப்பிய மருந்து நிறுவனங்கள். மற்ற இடங்களில் டாக்டரின் நிழலில் கம்பவுண்டர். பொடியையும் திரவத்தையும் அளந்து மிக்ஸ்சர் கலக்குவார். குப்பியின் பக்கவாட்டில், வேளைக்கு எவ்வளவு என்று காட்ட, பல் பல்லாக வெட்டிய காகிதப் பட்டையை ஒட்டித் தருவார். எழுத்தறியாத நோயாளிக்கும் அந்தப் பட்டை புரியும். பொதுச் சுகாதாரக் கல்வி என்று இன்று நாம் சொல்வதன் ஒரு வடிவம் அதற்குள் இருந்தது. ஆனால் கம்பவுண்டருக்கு நாடு முழுவதற்கும் பொதுவான படிப்பும் கிடையாது, பதிவும் கிடையாது.

கலப்பட மருந்துகள் பெருகியபோது அரசு 1930-இல் ஆர். என். சோப்ரா தலைமையில் மருந்து விசாரணைக் குழுவை அமைத்தது. குழு 1931-இல் அறிக்கை தந்தது. 1932-இல் மகாதேவ லால் ஷ்ராப்பின் முயற்சியால் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் படிப்பு தொடங்கியது. 1940-இல் மருந்துகள் சட்டமும், 1945-இல் அதன் விதிகளும், 1948-இல் மருந்தாளுமைச் சட்டமும் வந்தன. மருத்துவர் சீட்டுக்கு மருந்து கலந்து கொடுக்கும் உரிமை பதிவுபெற்ற மருந்தாளுநருக்கே என்றது 1948-ஆம் ஆண்டுச் சட்டம். ஐந்தாண்டு அனுபவமுள்ள பழைய கம்பவுண்டர்களையும் முதல் பதிவேட்டில் அது சேர்த்துக்கொண்டது.

போலி மருந்திலிருந்து மக்களைக் காப்பாற்றியதில் இந்தச் சட்டங்களின் பங்கு பெரிது. அதே சமயம், இவற்றின் கவனம் முழுக்கப் பொருளின் மீதே இருந்ததையும் பார்க்க வேண்டும். மருந்து சுத்தமானதா, உரிமம் உண்டா, பதிவேடு உண்டா என்று சட்டம் கேட்டது. மருந்து வாங்க வருபவரோடு மருந்தாளுநர் என்ன பேச வேண்டும் என்பதில் அது அக்கறை காட்டவில்லை. தடுப்பூசி ஏற்கெனவே வேறொரு துறையின் சொத்தாக இருந்ததால், இரண்டையும் இணைத்துப் பார்க்கும் தேவையும் சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. 1978-இல் விரிவுபடுத்தப்பட்ட தடுப்பூசித் திட்டமும் 1985-இல் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டமும் அதே பழைய பாதையில்தான் சென்றன. அவை பெற்ற வெற்றியை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. குழந்தைகளுக்கு அந்தப் பாதை போதுமானதாக இருந்தது.

நியூயார்க்கின் கடைகள்

வேறு வழியும் இருந்தது என்பதற்கு 1893-ஆம் ஆண்டு நியூயார்க் நல்ல சான்று. தொண்டை அடைப்பான் நோய் குழந்தைகளைக் கொன்றுகொண்டிருந்த காலம். நகரச் சுகாதாரத் துறையின் ஹெர்மன் பிக்ஸும் வில்லியம் பார்க்கும் நோயைக் கண்டறிய ஆய்வுக்கூடம் அமைத்தார்கள். மாதிரி எடுப்பதற்கான குழாய்களை நகரமெங்கும் உள்ள மருந்துக்கடைகளில் வைத்தார்கள். மருத்துவர் பக்கத்துக் கடையில் குழாயை வாங்கிச் செல்வார்; குழந்தையின் தொண்டையிலிருந்து மாதிரி எடுத்துத் திரும்ப அதே கடையில் ஒப்படைப்பார்; துறை ஊழியர் அதைச் சேகரித்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோவார். கடைக்காரர் ஊசி போடவில்லை, நோயை நிர்ணயிக்கவும் இல்லை. இருந்தும் அரசின் சுகாதாரச் சங்கிலியில் அவருடைய கடை ஒரு கண்ணியாகிவிட்டது. அமெரிக்காவில் பின்னால் நடந்தவற்றுக்கு இந்தப் பழக்கம் மண்ணைப் பண்படுத்தி வைத்தது என்றே நான் கருதுகிறேன்.

1989 முதல் 1991 வரை அமெரிக்காவில் தட்டம்மை மீண்டும் பரவி, 55,000-க்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. தடுப்பூசி இருந்தும் அது எல்லோரையும் சென்றடையவில்லை என்பதை அந்த அனுபவம் காட்டியது. 1993-இல் சுகாதார அமைச்சர் டோனா ஷலேலா தடுப்பூசிப் பணிக்கு மருந்தாளுநர்களின் துணையைக் கேட்டார். 1994-இல் வாஷிங்டன் மாநிலத்தில் அவர்களுக்கு ஊசி போடும் முறையான பயிற்சி தொடங்கியது. 1996-இல் அமெரிக்க மருந்தாளுநர் சங்கம் அதை நாடு தழுவிய பாடத்திட்டமாக்கியது. பிறகு ஒவ்வொரு மாநிலமாகச் சட்டம் திருத்தப்பட்டு, 2009-க்குள் ஐம்பது மாநிலங்களிலும் அனுமதி வந்தது. பதினைந்து ஆண்டுகள் பிடித்த வேலை அது. முதலில் முதியோருக்கான ஃப்ளூ ஊசி, பிறகு நிமோனியா ஊசி, பிறகு மற்றவை என்று படிப்படியாகவே உரிமை விரிந்தது.

பலன் இருந்ததா? 1995, 1999 ஆண்டுகளின் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டு 2004-இல் வெளியான ஓர் ஆய்வு, மருந்தாளுநர்கள் ஊசி போடும் மாநிலங்களில் முதியோர் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்வது கூடுதலாக உயர்ந்திருந்ததைக் காட்டியது. 2013-இல் வெளியான இன்னொரு ஆய்வு எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. ஒரு பெரிய மருந்துக்கடைத் தொடரில் ஓராண்டில் போடப்பட்ட சுமார் 62 லட்சம் தடுப்பூசிகளில் 30 சதவீதத்துக்கும் மேலானவை மாலையிலும் வார இறுதியிலும் விடுமுறை நாளிலும் போடப்பட்டவை. மருத்துவமனை பூட்டியிருக்கும் நேரத்தில், வேலை முடிந்து வருகிற உழைக்கும் மக்களுக்குக் கடை திறந்திருந்தது. மருந்தாளுநர் தடுப்பூசி போடுவதற்கான வாதங்களில் இதற்கு இணையானது வேறில்லை.

போர்ச்சுகல் 2008-இலும், அயர்லாந்து 2011-இலும் மருந்துக்கடைகளில் ஃப்ளூ ஊசியைத் தொடங்கின. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை 2015-இல் அதை நாடு முழுவதும் கொண்டுவந்தது. கொரோனா ஊரடங்கால் குழந்தைகளின் தடுப்பூசி தடைபட்டபோது, 2020 ஆகஸ்டில் அமெரிக்க அரசு 3 முதல் 18 வயது வரையுள்ளோருக்கும் ஊசி போட மருந்தாளுநர்களுக்கு அனுமதி தந்தது.

இங்கே வந்து சேர்ந்த பாதிப் பொறுப்பு

நம் நாட்டில் தடுப்பூசியை விற்க மருந்துக்கடைக்கு அனுமதி உண்டு. தடுப்பூசிகள் மருந்து விதிகளின் ‘சி’ அட்டவணையில் வருவதால், சில்லறை விற்பனைக்கு 21-ஆம் எண் படிவத்தில் உரிமம் வேண்டும். கடையில் குளிர்சாதனப் பெட்டி வேண்டும். 2 முதல் 8 டிகிரி வரை வெப்பநிலை நிற்க வேண்டும். இதில் தேர்ந்த மருந்தாளுநரின் கைப்பக்குவம் கடைக்குக் கடை தெரியும். டெட்டனஸ், மஞ்சள் காமாலை பி ஊசிகள் உறைந்தால் கெட்டுப்போகும். அதனால் உறைபெட்டியை ஒட்டிய தட்டில் அவற்றை வைக்கமாட்டார். வாங்குபவரிடம் கொடுக்கும்போதும் குப்பியைக் காகிதத்தில் சுற்றி, ஐஸ் பை நேராகப் படாதபடி வைத்து, “நேரே டாக்டர்கிட்ட போயிடுங்க, வீட்டுக்கு எடுத்துட்டுப் போகாதீங்க” என்று சொல்லி அனுப்புவார். பாதுகாத்துக் கொடுக்கும் அறிவு முழுக்க அவரிடம் இருக்கிறது. போடுவதற்கு மட்டும் ஊசி இன்னொரு வாசலுக்குப் போகிறது.

நாய்க்கடி ஊசியில் அவருடைய பங்கு இன்னும் தெளிவாகத் தெரியும். தசையில் போடும் முறைப்படி 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்களில் போட வேண்டும். முதல் இரண்டைப் போட்டுக்கொண்டவர் கடித்த புண் ஆறியதும் மூன்றாவதை விட்டுவிடுவதுண்டு. வேறு மருந்து வாங்க வந்தவரிடம் பேச்சுவாக்கில் சீட்டைக் கேட்டு, “ஏழாம் நாள் ஊசி போட்டாச்சா?” என்று விசாரிக்கிற கடைக்காரர் ஓர் உயிரைக் காப்பாற்றக்கூடும். புண்ணில் மஞ்சளையும் சுண்ணாம்பையும் அப்பிக்கொண்டு வருபவரை, முதலில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவச் சொல்பவரும் அவர்தான். இந்தப் பேச்சுக்குச் சம்பளமும் இல்லை, பதிவேட்டில் பத்தியும் இல்லை.

மற்ற நோய்களில் அரசு கடையின் வாசலுக்கு வரத்தான் செய்தது. 2012-இல் காசநோய்த் திட்டத்தில் மருந்தாளுநர் அமைப்புகளோடு உடன்பாடு ஏற்பட்டது. 2014 மார்ச் முதல் ‘எச்1’ அட்டவணை நடைமுறைக்கு வந்து, முக்கிய நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளை வாங்குபவர் பெயரைப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் வைத்திருக்கச் சொன்னது. 2018 மார்ச்சில் காசநோய் மருந்து விற்கும் கடைகளும் நோயாளியைப் பற்றித் தெரிவிப்பது கட்டாயமாயிற்று. 2020 ஏப்ரலில் தெலங்கானாவும் ஆந்திரமும் காய்ச்சல், இருமல் மருந்து வாங்குவோரின் விவரத்தைக் கடைகளிடம் கேட்டன. கவனிக்க வேண்டியது ஒன்று: இவற்றில் பெரும்பாலானவை கடையிலிருந்து தகவலைப் பெறும் ஏற்பாடுகள், பொறுப்பைத் தரும் ஏற்பாடுகள் குறைவு. 2015 ஜனவரியில் வந்த மருந்தாளுமை நடைமுறை விதிகள்தான் நோயாளியோடு பேசி அறிவுரை சொல்வதை மருந்தாளுநரின் கடமையாக முதன்முதலில் தெளிவாக எழுதின. 2021-இல் தமிழ்நாட்டில் மாபெரும் கொரோனா தடுப்பூசி முகாம்கள் நடந்தபோது, பள்ளிகளும் அங்கன்வாடிகளும் ஊசி போடும் இடங்களாயின, மருந்துக்கடைகள் ஆகவில்லை.

எதிர்வாதங்கள்

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றைத் தள்ளிவிட முடியாது. சான்றிதழ் சுவரில் தொங்க, அதற்குரியவர் வேறெங்கோ இருக்கும் கடைகள் உண்டு என்பது ஊரறிந்த விஷயம். அப்படிப்பட்ட கடையில் ஊசியை அனுமதிப்பது ஆபத்து. ஊசி போட்ட சில நிமிடங்களில் அரிதாகக் கடும் ஒவ்வாமை வரலாம். அட்ரினலின் ஊசியும், அதைக் கையாளத் தெரிந்தவரும், அரை மணி நேரம் உட்காரவைக்க இடமும் வேண்டும். பத்தடிக்குப் பத்தடிக் கடையில் இது கடினம். விற்பவரே பரிந்துரைப்பவராகவும் இருந்தால் லாபம் தலைநீட்டும் என்ற அச்சமும் நியாயமானது. மேலே சொன்ன நாடுகள் பயிற்சிச் சான்றிதழ், எழுத்து வழியான மருத்துவ நெறிமுறை, பொதுவான தடுப்பூசிப் பதிவேடு, அரசே தரும் சேவைக் கட்டணம் ஆகியவற்றால் இவற்றைச் சமாளித்தன. நாமும் அதையெல்லாம் செய்யாமல் ஊசியை மட்டும் கேட்பது பொறுப்பற்றது.

ஆனால் மருந்தாளுநருக்கு அறிவில்லை என்ற வாதம் இனி நிற்காது. 2008-இல் ஆறாண்டு பார்ம்.டி படிப்பு தொடங்கியது. 2020-ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் டிப்ளமோ மாணவரும் சமூக மருந்தியல் என்ற தாளில் நோய்த்தடுப்பையும் தடுப்பூசிகளையும் படிக்கிறார். தேர்வில் விடை எழுதியதைக் கடையில் சொல்லவும் செய்யவும் அவருக்கு வழி வகுப்பதுதான் எஞ்சியுள்ளது.

அதற்கு ஏற்ற இடம் நம் மாநிலத்திலேயே அமைந்திருக்கிறது. 2025 பிப்ரவரி 24 அன்று தமிழ்நாடு அரசு கூட்டுறவுத் துறை வழியாக 1,000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. முதல் கட்டமாக இங்கே ஊசி வேண்டாம். நாய்க்கடி ஊசியின் நாள் தவறியவர், டெட்டனஸ் ஊக்கத் தவணை போட்டுப் பத்தாண்டு கடந்தவர், ஃப்ளூ ஊசி போட வேண்டிய நீரிழிவு நோயாளி ஆகியோரை மருந்து வாங்க வரும்போதே கேட்டறிந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ மருத்துவரிடமோ அனுப்பவும், அப்படி அனுப்பியதைப் பதிவு செய்யவும் ஒரு படிவமும் அதற்கொரு சிறு கட்டணமும் போதும். ஓராண்டுப் பதிவுகளைப் பொதுச் சுகாதாரத் துறை எடுத்துப் பார்த்தால், இரண்டாம் கட்டத்தில் எந்தக் கடைகளில், எந்த ஊசியை, எந்த வயதினருக்கு அனுமதிப்பது என்பதைத் தமிழ்நாட்டின் சொந்தக் கணக்கை வைத்தே முடிவுசெய்யலாம்.