வீதிக்கு வந்த ஓவியங்கள்

கொழும்பில் ஆண்டின் தொடக்க மாதங்களில், மழை ஓய்ந்திருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில், ஆனந்த குமாரசுவாமி மாவத்தை ஓவியச் சந்தையாக மாறிவிடும். பழையவர்கள் இன்றும் அதைக் 'கிறீன் பாத்' என்றே சொல்வார்கள். மரநிழலில் வரிசையாகச் சட்டங்கள் நிற்கும். அவற்றில் ஓவியங்கள் தொங்கும். பக்கத்தில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் அவற்றை வரைந்தவர் அமர்ந்திருப்பார். 'கலா பொல' என்பது அதன் பெயர். 'பொல' என்றால் சிங்களத்தில் சந்தை.

பத்திரிகைக்காக அங்கு சென்ற ஒரு நாளில் நான் கண்ட காட்சி இன்றும் நினைவில் நிற்கிறது. வெளியூரிலிருந்து வந்திருந்த முதிய ஓவியர் ஒருவரிடம் ஒரு பெண்மணி ஓர் ஓவியத்தின் விலையைக் கேட்டார். ஓவியர் தரையைப் பார்த்தபடி மெல்லிய குரலில் ஒரு தொகையைச் சொன்னார். அந்தப் பெண்மணி பேரம் பேசவில்லை. அவர் வாய் திறப்பதற்கு முன்னரே ஓவியர் தாமாகவே விலையைக் குறைத்துவிட்டார்.

தக்காளி விற்பவருக்கு வராத கூச்சம் ஓவியம் விற்பவருக்கு ஏன் வருகிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடப் புறப்பட்டால், வீதியில் ஓவியம் வைத்து விற்கும் வழக்கத்தின் வரலாற்றையே புரட்ட வேண்டியிருக்கிறது. அது நாம் நினைப்பதைவிட நீண்ட வரலாறு.

இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் கனலெற்றோ 1735 ஆம் ஆண்டளவில் வரைந்த ஓர் ஓவியம் இருக்கிறது. வெனிஸ் நகரத்துப் புனித ரோக் திருநாள் அதன் பொருள். நம்மவர்கள் புனித ஆரோக்கியநாதர் என்று வணங்கும், கொள்ளைநோயிலிருந்து காப்பவராகக் கருதப்படும் புனிதர் இவரே. திருநாள் ஓகஸ்ட் 16, கடுங்கோடை. நகரத் தலைவர் தமது பரிவாரத்தோடு கோயிலிலிருந்து வெளிவருகிறார். ஆனால் கவனிக்க வேண்டியது அவருக்குப் பின்னால் உள்ள சுவர்களை. கட்டடங்களின் வெளிப்புறச் சுவர்களில் வரிசையாக ஓவியங்கள் தொங்குகின்றன. அந்தத் திருநாளில் அந்தக்கால ஓவியர்கள் தம் புதிய படைப்புகளை வெளியில் தொங்கவிடுவது வழக்கமாயிருந்தது. கனலெற்றோவே இளைஞராக 1725 இல் அங்கு ஓர் ஓவியத்தை வைத்தார். கண்டவர்கள் வியந்தனர். பேரரசரின் தூதுவர் அதை வாங்கினார். திருவிழாக் கூட்டமே அவருக்கு விளம்பரமாயிற்று.

அதே நூற்றாண்டில் பாரிஸ் நகரிலும் இப்படி ஒரு வழக்கம் இருந்தது. நற்கருணைத் திருநாளன்று, அதாவது மே மாத இறுதியிலோ ஜூனிலோ, திருப்பவனி செல்லும் பாதையிலுள்ள வீடுகளின் முகப்புகளில் துணிச்சித்திரங்களைத் தொங்கவிடுவார்கள். பிளாஸ் டோஃபின் என்ற சதுக்கத்தின் ஒரு மூலையில், அந்தத் துணிகளின் மேலேயே இளம் ஓவியர்கள் தங்கள் படங்களை மாட்டினர். சில மணி நேரம் மட்டுமே அந்தக் காட்சி. மழை பெய்தால் எட்டு நாள் கழித்துப் பார்க்கலாம். 'இளைஞர் கண்காட்சி' என்று அதற்குப் பெயர் வந்தது.

இதன் அருமை புரிய வேண்டுமானால் அன்றைய பாரிஸ் ஓவிய உலகின் அமைப்பைப் பார்க்க வேண்டும். 1648 இல் நிறுவப்பட்ட அரச ஓவிய, சிற்பக் கழகமே அங்கு எல்லாம். 'சலோன்' என்ற அதன் கண்காட்சியில் கழகத்தைச் சேர்ந்தவர்களுக்கே இடம். அந்த உறுப்பினர்கள் கடை வைத்து ஓவியம் விற்கக் கூடாது என்பது கழகத்தின் விதிகளுள் ஒன்று. கடை வைப்பவன் கைவினைஞன், கழகத்தில் இருப்பவனே கலைஞன் என்று கோடு கிழித்தார்கள். கொழும்பு ஓவியரின் கூச்சத்துக்கு வித்து அங்கேதான் விழுந்தது என்பது என் எண்ணம். விலை சொல்வதே இழிவு என்ற நினைப்பு, கழகங்கள் கலைஞருக்குச் சூட்டிய மகுடத்தோடு கூடவே வந்தது.

1728 இல் பிளாஸ் டோஃபினில் படங்களை மாட்டியவர்களுள் ஷார்தான் என்பவரும் ஒருவர். மேசை செய்யும் தச்சரின் மகன், வயது 28. அவர் மாட்டியவற்றுள் வயிறு கிழிக்கப்பட்ட ஒரு திருக்கை மீன் கொக்கியில் தொங்கும் ஓவியமும் இருந்தது. அரசர்களையும் தேவர்களையும் வரைவதே உயர்ந்தது என்றிருந்த காலத்தில் ஒரு சமையலறை மீன்! ஆனால் அதைக் கண்ட கழகத்தவர்கள் திகைத்தனர். அதே ஆண்டு செப்டெம்பரில் ஷார்தானைக் கழகம் சேர்த்துக்கொண்டது. அந்தத் திருக்கை இன்று லூவர் அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. வீதியிலிருந்து கழகத்துக்குச் செல்ல அவருக்குச் சில மாதங்களே தேவைப்பட்டன.

எல்லோருக்கும் அந்தப் பேறு கிடைக்கவில்லை. கழகத்தில் ஒரே நேரத்தில் நான்கு பெண்களுக்கு மேல் இருக்கலாகாது என்று வரம்பு விதித்திருந்தார்கள். ஆகவே 1780களில் மரி-கப்ரியேல் கப்பே போன்ற இளம் பெண் ஓவியர்களுக்குப் பிளாஸ் டோஃபின் மூலையே மேடையாயிற்று. புரட்சி வந்தபின், 1791 இல், சலோனின் கதவு எல்லா ஓவியர்களுக்கும் திறக்கப்பட்டது. அந்தத் திறப்புக்கு முன்னர் கதவில்லாத கண்காட்சியாக இருந்தது அந்தச் சதுக்கத்து மூலை.

இனி நியூயோர்க்குக்கு வருவோம். 1929 இல் பங்குச்சந்தை சரிந்தபின் வந்த பெருமந்தத்தில், முதலில் விலைப்படாமற் போன பொருள்களுள் ஓவியமும் ஒன்று. வாங்குவோர் இல்லாமல் ஓவியக்கூடங்கள் வெறிச்சோடின. ஓவியர்கள் அதிகம் குடியிருந்த கிறீன்விச் விலேஜ் பகுதியில் வாடகை கொடுக்க வழியில்லை. அந்நிலையில் 1932 மே மாத இறுதியில், வொஷிங்டன் சதுக்கத்தைச் சூழ்ந்த நடைபாதைகளில் ஓவியர்கள் தம் படைப்புகளைச் சுவர்களிலும் வேலிகளிலும் சாத்தி வைத்து விற்கத் தொடங்கினர். வொஷிங்டன் சதுக்க வெளிப்புறக் கண்காட்சி என்று அது பெயர்பெற்றது.

இதற்கு முந்திய ஆண்டிலேயே ஜாக்சன் பொலொக் வாடகைப் பணத்துக்காக இந்த நடைபாதையில் தம் ஓவியங்களை வைத்தார் என்பது அந்தக் கண்காட்சியினர் பெருமையோடு சொல்லிவரும் கதை. பொலொக் அப்போது பத்தொன்பது வயது மாணவர். பின்னாளில் கிடைத்த பெரும்புகழின் வெளிச்சத்தில் அந்த நடைபாதையும் ஒளிர்கிறது. பத்திரிகையாளனாக எனக்கு அந்தக் கதையைவிடப் பெரிதாகப் படுவது, அங்கே உண்மையாக நின்ற இன்னொருவரின் கதை.

அவர் பெயர் அலிஸ் நீல். 1932 கண்காட்சியில் அவரும் ஒருவர். முதற் குழந்தையைத் தொண்டை அடைப்பான் நோய்க்குப் பறிகொடுத்தவர். இரண்டாவது குழந்தையைக் கணவர் கியூபாவுக்கு அழைத்துச் சென்றுவிட, மனமுடைந்து மருத்துவமனையில் கிடந்து மீண்டவர். தாய்மையைக் கசப்போடு வரைந்த அவரது ஓவியம் ஒன்று, சமயத் தரப்பின் எதிர்ப்பினால் அந்த நடைபாதையிலிருந்தும் அகற்றப்பட்டது. வீதியும் முற்றிலும் சுதந்திரமான இடமல்ல என்பதற்கு அது சான்று.

அந்தச் சதுக்கத்துக்கு வடக்கே நடந்துபோகும் தூரத்தில், எட்டாம் வீதியில், விற்னி அருங்காட்சியகம் 1931 நவம்பரில்தான் திறக்கப்பட்டிருந்தது. அமெரிக்க ஓவியர்களுக்காகவே நிறுவப்பட்ட இடம் அது. நீலின் ஓவியங்களுக்கெனத் தனிக் கண்காட்சி ஒன்றை விற்னி நடத்தியது 1974 இல். அதற்குள் அருங்காட்சியகமே நகரின் வேறு பகுதிக்கு மாறிவிட்டது. ஷார்தானுக்குச் சில மாதங்களில் முடிந்த பயணம் நீலுக்கு நாற்பத்திரண்டு ஆண்டுகள் எடுத்தது.

நியூயோர்க்கின் நடைபாதை பிற நகரங்களுக்கும் வித்தாயிற்று. அதைக் கண்டு வந்த மறி கொஃப்லர், மார்வெல் கொஃப்லர் தம்பதியினர் 1961 இல் ரொறன்ரோவில், ஜார்விஸ் வீதியிலிருந்த ஒரு ஹோட்டலின் வாகனத் தரிப்பிடத்தில், அதுபோன்ற கோடைக் கண்காட்சியை ஏனையோர் சிலருடன் சேர்ந்து தொடங்கினர். பின்னர் அது மாநகர மண்டபத்தின் முன்னுள்ள நேதன் பிலிப்ஸ் சதுக்கத்துக்குச் சென்றது. கனடாவில் வாழும் நம்மவர்கள் பலர் அந்தச் சதுக்கத்தை ஜூலை மாதத்தில் கடந்து சென்றிருப்பார்கள். மருந்து வாங்கச் செல்லும் ஷொப்பர்ஸ் ட்ரக் மார்ட் கடைகளை நிறுவியவரும் அதே மறி கொஃப்லர்தான் என்பது பலருக்குத் தெரியாது.

மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில் 1960 ஜூலையில், கடைக்காரர்களின் கோடைக்கால மலிவு விற்பனையோடு ஒட்டி ஓர் ஓவியச் சந்தை தொடங்கிற்று. ஆண்டுதோறும் கூட்டம் பெருகியது. இடம் கேட்டு வந்த கலைஞர்களின் தொகையும் பெருகவே, யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று தெரிவுக்குழு முடிவு செய்யலாயிற்று. அவ்வாறு வெளியே நின்றவர்களுக்காக 1970 இல் தெரிவுக்குழு இல்லாத இன்னொரு சந்தை அதே நகரில் எழுந்தது. கதவில்லாத இடத்தைத் தேடி வீதிக்கு வந்தவர்கள், வந்த இடத்திலும் நாளடைவில் ஒரு கதவை நிறுவிவிடுகிறார்கள். அப்போது அடுத்த வீதி தேவைப்படுகிறது.

இந்தச் சந்தைகளின் பொருளாதாரத்தையும் இங்கு சொல்லவேண்டும். ஓவியக்கூடம் ஒன்றின் வழியாக விற்றால் விலையில் பாதியளவு கூடத்துக்குப் போவது மேலைநாடுகளில் வழக்கம். வீதிச் சந்தையில் கலைஞர் இடத்துக்கான கட்டணத்தைக் கட்டிவிட்டால் மீதி அவருடையது. ஆனால் ஒரு படமும் விற்காவிட்டாலும் கட்டணம் திரும்பாது. கூடாரம், சட்டம், பயணம், சாப்பாடு எல்லாம் கைக்காசு. காற்றடித்தால் கூடாரம் பறக்கும், மழை பெய்தால் கூட்டம் கலையும். பெரிய ஓவியம் கண்ணை இழுக்கும், சிறிய ஓவியமே கைமாறும். அந்தச் சிறியதன் காசில்தான் பெரியதை வரைய வேண்டும். மூன்று நாள் வெயிலில் நின்று, "இதை வரைய எவ்வளவு நேரம் பிடித்தது?" என்ற கேள்விக்கு நூறு தடவை சிரித்த முகத்தோடு விடை சொல்லவும் வேண்டும்.

மீண்டும் கொழும்புக்கு வருவோம். ஓவியர் யோர்ஜ் கீற் மறைந்த 1993 ஆம் ஆண்டிலேயே, அவரது பெயரால் அமைந்த யோர்ஜ் கீற் மன்றம் கலா பொலவைத் தொடங்கியது. கீற், லயனல் வென்ற் முதலியோர் ஐம்பது ஆண்டுகளுக்கு முன், 1943 இல், பழைய ஓவியச் சங்கத்தின் போக்கிலிருந்து விலகி '43 குழு'வை அமைத்தவர்கள் என்பது நினைவுகூரத்தக்கது. சந்தை நடக்கும் வீதியிலேயே தேசியக் கலாபவனமும் அமைந்திருக்கிறது. வொஷிங்டன் சதுக்கத்துக்கு விற்னி எப்படியோ, இந்த நடைபாதைக்கு அந்தக் கலாபவனம் அப்படி.

அந்த வீதி தாங்கும் பெயரும் பொருத்தமானது. 1877 இல் கொழும்பில் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, கலையை அன்றாட வாழ்விலிருந்து பிரித்து அருங்காட்சியகத்தில் அடைத்தது நவீன காலத்தின் பிழை என்று வாழ்நாளெல்லாம் வாதிட்டவர். கைவினைஞன் வேறு, கலைஞன் வேறு என்ற கோட்டை அவர் ஏற்கவில்லை.

ஆனால் கதவில்லாத வீதிக்கும் வந்து சேர ஒரு பாதை வேண்டும். கலா பொல தொடங்கிய 1993 இல் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 வீதி மூடப்பட்டுக் கிடந்தது. அது 2002 இல் திறந்து, 2006 இல் மீண்டும் மூடப்பட்டது. பாஸ் எடுத்து, சோதனைச்சாவடிகள் கடந்து, கப்பலுக்கோ விமானத்துக்கோ காத்திருந்த அந்தக் காலத்தில், வடக்கில் வாழ்ந்த ஓவியர் ஒருவர் ஈரம் காயாத கன்வஸைச் சுருட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வருவதெப்படி? அந்த ஆண்டுகளில் விற்கப்படாத ஓவியங்களை மட்டுமல்ல, வந்தே சேராத ஓவியங்களையும் நாம் கணக்கில் எடுக்கவேண்டும்.

நான் முதலிற் சொன்ன முதியவரின் ஓவியத்தை அந்தப் பெண்மணி வாங்கினார். குறைத்த விலையையல்ல, அவர் முதலில் சொன்ன விலையையே எண்ணிக் கொடுத்தார். பிறகு ஓவியத்தின் பின்புறத்தில் பெயரையும் ஊரையும் எழுதித் தரும்படி கேட்டார். ஓவியர் என்னிடம் பேனை வாங்கி எழுதினார். எழுதி முடித்தபின் ஆண்டையும் சேர்த்தார்.