பழைய கேம்பர் வேன்: வீட்டிலேயே பழுதுபார்க்க விரும்புவோர் அறிய வேண்டியவை

படுக்கை, அடுப்பு, அலமாரி ஆகியவற்றோடு ஊர் சுற்ற உதவும் வாகனமே கேம்பர் வேன். ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் நிறுவனம் 1950-இல் கொம்பி வேனைத் தயாரிக்கத் தொடங்கியது. மறு ஆண்டே வெஸ்ட்பாலியா நிறுவனம் அதனுள் படுக்கையும் அலமாரியும் அமைத்துக் கொடுத்தது. சுங்கைப்பட்டாணி, கூலிம், பீடோங் வட்டாரங்களில் பள்ளிப் பிள்ளைகளையும் கடைச் சாமான்களையும் ஏற்றிப் பழகிய நிசான் வெனட், தொயோத்தா லைட்ஏஸ் வேன்களையும் இப்படி மாற்றலாம்.

ஆனால், படுக்கையும் திரைச்சீலையும் முதலில் போட்டுவிட்டு, பிறகு தரை துருப்பிடித்திருப்பதைக் கண்டால் செய்த வேலை அத்தனையும் வீண். வேலையை வரிசைப்படி செய்தால் பணமும் மிஞ்சும், உயிருக்கும் பாதுகாப்பு.

முதலில் கிரான்ட்

பழுதான பாகத்துக்குப் பதில் அதே வகைப் பாகத்தைப் பொருத்துவது சாதாரணப் பழுதுபார்ப்பு. எஞ்சினையோ நிறத்தையோ மாற்றுவதற்கும், இருக்கைகளை அகற்றிப் படுக்கை அமைப்பதற்கும் சாலைப் போக்குவரத்து இலாகாவின் (ஜேபிஜே) அனுமதி தேவை. அனுமதியின்றி மாற்றிய வேன் விபத்தில் சிக்கினால், காப்புறுதி இழப்பீடு மறுக்கப்படலாம்.

துரு

சக்கர வளைவு, கதவடிப் படி, கண்ணாடி ரப்பர் ஓரம், பேட்டரித் தட்டு ஆகிய இடங்களை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்தத் தகட்டை வெட்டி, புதியதை வெல்டிங் செய்ய வேண்டும். பட்டி பூசினால் ஓட்டை மறையும், பாரம் தாங்காது. இருக்கைவார் பொருத்தும் இடமும் அடிச்சட்டமும் அரித்திருந்தால் பட்டறைக்கே கொண்டு செல்லுங்கள். கெடாவில் மழை குறைந்த ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் சாய வேலைக்கு ஏற்றவை.

ஜாக்கி மட்டும் போதாது

ஜாக்கியை மட்டும் நம்பி வேனுக்கு அடியில் படுக்கவே கூடாது. இரும்புத் தாங்கிகளை வைத்து, தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். தோட்ட வீட்டு முற்றத்து மண் மழையில் இளகும். எனவே, தாங்கிகளின் கீழ் தடித்த பலகை அவசியம்.

பிரேக், டயர்

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பழைய பிரேக் பட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். டயர் ஓரத்திலுள்ள நான்கு இலக்கங்கள் அதன் வயதைச் சொல்லும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பத்து ஆண்டைத் தாண்டிய டயர், பூ தேயாமல் இருந்தாலும் வேண்டாம்.

பெட்ரோல் குழாய்

நம் தோட்டங்களில் சீவி எடுக்கும் பாலில் செய்த ரப்பர், பெட்ரோல் பட்டால் உப்பிவிடும். அதனால்தான் பெட்ரோல் குழாய்களுக்கு நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரைப் பயன்படுத்துகிறார்கள். கிடைத்த குழாயை வெட்டிப் பொருத்தாமல், பெட்ரோலுக்கென்றே விற்பதைக் கேட்டு வாங்குங்கள். வெனட், லைட்ஏஸ் வேன்களில் எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருப்பதால், சிறு கசிவும் ஓட்டுநருக்கு அடியிலேயே தீயாகலாம்.

மின்சாரம், அடுப்பு

விளக்கு, விசிறிக்குத் தனி பேட்டரி வைத்தால், அதன் அருகிலேயே பியூஸ் இருக்க வேண்டும். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். தோம்பு வைக்கும் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் துவாரம் விடுங்கள். கசிவைச் சவர்க்கார நீரால் சோதியுங்கள். தீக்குச்சி கொளுத்திப் பார்க்காதீர்கள். கதவை அடைத்துக்கொண்டு சமைத்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிரைப் பறிக்கும்.

வெல்டிங், பிரேக் வேலைகளை அனுபவமுள்ள மெக்கானிக் ஒருமுறை பார்த்த பிறகே வேனைச் சாலையில் இறக்குங்கள். முதல் பயணம் பக்கத்து ஊர்வரை இருக்கட்டும். கதவருகே தீயணைப்புக் கருவி ஒன்றும் எப்போதும் இருக்கட்டும்.