எந்த நாட்டின் கீழ் எந்த ஊர்: காவிரிப் படுகையில் பெயர்களின் முகவரி

ஆறுகளும் வாய்க்கால்களும் நெருங்கிப் பின்னிய காவிரிப் படுகையில், ஒரு கூப்பிடு தூரத்துக்கு ஓர் ஊர் என்னுமளவுக்கு நெல்வயல்களை ஒட்டி ஊர்கள் பெருகியதால், ஒரே பெயரை ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் தாங்குவது மிகப் பழங்காலத்திலேயே நிர்வாகத்தின் முன்நின்ற சிக்கலாக இருந்தது. இணையதளம் தொடங்க விரும்புகிறவர் தாம் எண்ணிய பெயர் பிறரால் எடுக்கப்பட்டுவிட்டதா என்று இன்று தேடிப் பார்க்கும் செயலுக்கும் இப்பழைய சிக்கலுக்கும் வரலாற்றுத் தொடர்பு ஏதும் இல்லை. ஆயினும் இரண்டுக்கும் காணப்பட்ட தீர்வு ஒரே வகையினது. ஒரு பெயர் காலியாக உள்ளதா என்ற வினாவுக்கு, அது எதன் கீழ் இடப்படுகிறது என்பதை வரையறுத்த பின்னரே விடை கூற முடியும் என்பதை இரண்டு அமைப்புகளும் அடிப்படையாகக் கொண்டன.

சோழர் கல்வெட்டுகள் ஊர்ப்பெயரைத் தனித்துக் கூறுவது அரிது. பல ஊர்கள் சேர்ந்த நிர்வாகப் பிரிவு நாடு அல்லது கூற்றம் எனப்பட்டது. முதலாம் இராசராசன் காலத்தில் நாடுகள் பல தொகுக்கப்பட்டு, அரசனின் விருதுப்பெயர்களைத் தாங்கிய வளநாடுகள் அமைக்கப்பட்டன. இவ்வளநாடுகளின் எல்லைகளாகப் பெரும்பாலும் ஆறுகளே கொள்ளப்பட்டன என்பதற்கு, அரிசிலுக்கும் காவிரிக்கும் இடைப்பட்டதாகக் குறிக்கப்பெறும் உய்யக்கொண்டார் வளநாடு சான்றாகும். தலைநகரமே ஆயினும் தஞ்சை இவ்வொழுங்குக்கு விலக்காகவில்லை. பெரிய கோயில் கல்வெட்டுகளில் அது பாண்டிகுலாசனி வளநாட்டுத் தஞ்சாவூர்க் கூற்றத்துத் தஞ்சாவூர் என்றே பதிவு பெறுகிறது. பெரிய பிரிவில் தொடங்கிப் படிப்படியாகச் சிறியதற்கு இறங்கும் இவ்வரிசையால், ஒரே பெயருடைய இரண்டு ஊர்கள் வெவ்வேறு நாடுகளில் இருப்பதில் எந்தக் குழப்பமும் நேரவில்லை. ஒரே நாட்டுக்குள் அவ்வாறு நேர்ந்தால்தான் வேறொரு அடைமொழி தேவைப்பட்டது.

இம்முறையின் நுட்பம் முழுமையாக வெளிப்படுவது, இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1014 அளவில், பெரிய கோயிலில் பொறிக்கப்பட்ட நீண்ட பட்டியலில்தான். சோழநாட்டின் பல கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிற்பணிக்குரிய ஆடல் மகளிர், ஏறத்தாழ 400 பேர் அதில் இடம்பெறுகின்றனர். அவர்கள் அனைவருடைய பெயர்களும் நக்கன் என்ற முன்னொட்டுடன் வருவதாலும், பரவை, எடுத்தபாதம் போன்ற பெயர்கள் வழக்கில் மிகுந்திருந்ததாலும், பெயரை மட்டும் கொண்டு ஒருவரை இனங்காண இயலாது. ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 100 கலம் நெல் கொண்ட ஒரு பங்கு அளக்கப்பட வேண்டியிருந்தமையால், ஆள் மாறிப்போகாதிருக்கும் பொருட்டு, எந்தத் தெருவின் எந்தச் சிறகில், அதாவது எந்தப் பக்க வரிசையில், எத்தனையாவது வீடு, எந்த ஊரின் எந்தக் கோயிலிலிருந்து வந்தவர் என்பவை பெயரோடு சேர்த்தே எழுதப்பட்டன. இந்தியாவில் கிடைக்கும் மிகப் பழைய நகர முகவரிப் பதிவேடுகளுள் ஒன்றாக இதைக் கருதுவது மிகையாகாது. கலை வரலாற்றுக்காக மட்டும் இப்பட்டியலைப் பேசுவது போதாது.

பிற்காலத்தில் வளநாடுகள் மறைந்து தாலுகாக்களும் மாவட்டங்களும் வந்தபோதும் சிக்கல் தொடர்ந்தது. தஞ்சை மாவட்டத்தில் ஒரு பாபநாசமும் பொருநைக் கரையில் மற்றொரு பாபநாசமும் இருக்கையில், கடிதத்தை எங்கே சேர்ப்பது என்ற குழப்பத்தைத் தீர்க்க 1972 ஆகஸ்ட் 15 அன்று ஆறிலக்க அஞ்சல் குறியீடு அறிமுகமாயிற்று. தஞ்சாவூருக்கு 613001, கும்பகோணத்துக்கு 612001 என அமைந்தது.

கணினிகளின் உலகிலும் தொடக்கத்தில் மேற்பிரிவு என்று ஒன்று இருக்கவில்லை. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் இணைந்த கணினிகளின் பெயர்கள் அனைத்தும், கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையில் இயங்கிய தகவல் மையம் பேணிய ஒரே கோப்பில் எழுதப்பட்டன. ஒரு பெயர் காலியாக உள்ளதா என்று அறிய அம்மையத்தையே கேட்க வேண்டியிருந்தது. வலையமைப்பு பெருகவே, 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த களப்பெயர் முறை, ஒரே பட்டியலை மரம்போல் கிளைபிரியும் பல பட்டியல்களாக்கி, ஒவ்வொரு கிளையின் பொறுப்பையும் வெவ்வேறு அமைப்பிடம் ஒப்படைக்க வழிசெய்தது. இணைய முகவரியை மனிதர் இடமிருந்து வலமாகப் படித்தாலும், கணினி அதன் வலக்கோடியில் உள்ள பெரிய பிரிவில் தொடங்கியே சிறியதைத் தேடிச் செல்கிறது. வளநாட்டில் தொடங்கி ஊரில் முடியும் கல்வெட்டின் வரிசையும் இதுவே.

இந்தியாவுக்குரிய ‘.இன்’ பிரிவு 1989இல் ஒதுக்கப்பட்டும், கடுமையான விதிகளால் 2004 வரை ஏறத்தாழ 7,000 பெயர்களே அதன்கீழ்ப் பதிவாயின. இந்திய தேசிய இணையப் பரிமாற்ற மையமான நிக்சி பொறுப்பேற்று, வணிகக்குறி உடையோருக்கு முதலில் வாய்ப்பளித்தபின், 2005 பிப்ரவரி 16 முதல் யாவரும் பதியலாம் என்று திறந்துவிட்டது. கல்வி நிறுவனங்களுக்குரிய ‘.ஏசி.இன்’ கிளையோ எர்நெட் அமைப்பின் பொறுப்பில் தனியே நின்றது.

தஞ்சையின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இக்கிளைகளில் பெற்ற பெயர்கள் இவ்வரலாற்றைச் சுருக்கமாகக் காட்டுகின்றன. திருவாரூரின் நவீன அரிசி ஆலை வளாகத்தில் 1967இல் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகமாகத் தோன்றி, நெல் பதப்படுத்தல் ஆராய்ச்சி மையமாக வளர்ந்த அது, பின்னர்ப் பெயர் மாறியபோதெல்லாம் முகவரியையும் மாற்றி, ஐஐசிபிடி என்றும் ஐஐஎஃப்பிடி என்றும் ‘.எடு.இன்’ கிளையில் விளங்கியது. 2021ஆம் ஆண்டுச் சட்டம் இதையும் ஹரியானாவின் குண்ட்லியில் உள்ள நிறுவனத்தையும் தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவையாக அறிவித்து, இரண்டுக்கும் நிஃப்டெம் என்ற ஒரே பெயரைச் சூட்டியது. ‘நிஃப்டெம்.ஏசி.இன்’ என்ற முகவரியைக் குண்ட்லி முன்பே பயன்படுத்தி வந்தமையால், தஞ்சை நிறுவனம் ஒரு சிறு கோட்டையும் ‘டி’ என்ற எழுத்தையும் சேர்த்து ‘நிஃப்டெம்-டி.ஏசி.இன்’ என்று அமைத்துக்கொண்டது. ஒரே பிரிவுக்குள் பெயர் மோதினால் அடைமொழி சேர்ப்பது என்ற பழைய வழியே இங்கும் கைகொடுத்தது. இதற்கு மாறாக, திருமலைசமுத்திரத்தில் உள்ள சாஸ்த்ரா பல்கலைக்கழகம் ‘சாஸ்த்ரா.எடு’ என்ற முகவரியைத் தாங்குகிறது. 2001 அக்டோபர் 29 முதல் அமெரிக்க அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களுக்கே ‘.எடு’ வழங்கப்படுவதாலும், அதற்கு முன் பெற்றோர் மட்டும் தக்கவைத்துக்கொள்ளலாம் என்பதாலும், இன்று புதிதாகத் தொடங்கும் தமிழகக் கல்லூரி எதற்கும் அக்கதவு திறக்காது.

ரோமன் எழுத்தில் தஞ்சாவூரை டாஞ்சோர் போலவும், காவிரியை இருவேறு விதமாகவும் எழுதும் காலனியக் கால வழக்கம் நீடிப்பதால், இப்பகுதியில் பெயர் தேடுவோர் ஒவ்வோர் எழுத்துக்கூட்டலையும் தனித்தனியே சோதிக்க வேண்டியுள்ளது. தமிழ் எழுத்திலேயே முகவரி அமைக்கும் வழி இதற்கு மாற்றாகும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ முதலியோர் 1998 அளவில் மேற்கொண்ட பன்மொழிக் களப்பெயர் முயற்சிகளுக்குப் பின், ‘.இலங்கை’ 2010இலும் ‘.இந்தியா’, ‘.சிங்கப்பூர்’ ஆகியவை அடுத்த ஆண்டிலும் இணையத்தின் வேரில் இடம்பெற்றன. தஞ்சை என்ற பெயரைத் தஞ்சை மக்கள் எழுதும் வடிவிலேயே பதிய முடியும் என்ற இந்த உரிமை, கோயில்களும் உழவர் அமைப்புகளும் விரைந்து பயன்கொள்ளத்தக்க பெரும் பேறு.

தேடுகையில், ஒரு முகவரியில் தளம் திறக்கவில்லை என்பதைக் கொண்டு அது காலி என்று முடிவு செய்யலாகாது. பதிவேட்டையே வினவ வேண்டும். 1982 முதல் ஹூயிஸ் என்ற நெறிமுறையும், பொதுப்பிரிவுகளைப் பொறுத்தவரை 2025 ஜனவரி 28 முதல் அதன் இடத்தில் ஆர்டேப் என்ற புதிய நெறிமுறையும் அதற்கு உதவுகின்றன. ‘.காம்’ போன்ற பிரிவுகளில் காலாவதியான பெயர்கூட உடனே விடுபடுவதில்லை. 45 நாள் வரையிலான சலுகைக் காலமும், பழைய உரிமையாளர் மீட்டுக்கொள்ள 30 நாளும், நீக்கத்துக்கு 5 நாளும் கழிந்த பின்னரே அது பிறர் கைக்குச் செல்லும். சோழர் எழுத்தர்கள் பெயர் மாற்றத்தைப் பதியும்போது, பழையாறையான முடிகொண்டசோழபுரம் என்பதுபோல், பழைய பெயரையும் புதியதோடு சேர்த்தே வெட்டினர். அவர்களைப் போலவே, பெயர் மாறும் நிறுவனங்கள் தம் பழைய முகவரியைக் கைவிடாமல் புதுப்பித்து, அதைத் தேடி வருவோரைப் புதியதற்கு அனுப்பிவைக்க இன்றும் வசதி உண்டு.