தீர்ந்துபோன ஆட்டங்கள்

ஒரு ஆட்டம் 'தீர்க்கப்பட்டது' என்று சொல்லும்போது அந்த வார்த்தைக்குள் இரண்டு வேறுபட்ட காரியங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, முடிவு ஏன் அப்படி என்று விளங்கிக்கொள்வது. மற்றது, முடிவு இன்னது என்று தெரிந்துகொள்வது. இருவர் ஆடும் ஆட்டங்களைத் தீர்த்த நூறாண்டுச் சரித்திரம் முதலாவதில் தொடங்கி இரண்டாவதில் வந்து நிற்கிறது. இதை வெறும் வளர்ச்சியென்று சொல்லிவிட எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

1901ல் ஹார்வர்டைச் சேர்ந்த சார்ல்ஸ் பூட்டன் 'நிம்' ஆட்டத்தைத் தீர்த்தார். சில குவியல்களாகக் கற்கள். ஒருவர் மாற்றி ஒருவர், ஏதேனும் ஒரு குவியலிலிருந்து வேண்டுமளவு எடுக்கலாம். கடைசிக் கல்லை எடுப்பவனுக்கு வெற்றி. குவியல்கள் 3, 4, 5 என்று கொள்வோம். இவற்றை 1, 2, 4 என இரட்டித்துப்போகும் எண்களாக உடைத்தால், 3 என்பது 2ம் 1ம், 4 அப்படியே, 5 என்பது 4ம் 1ம். நான்குகள் இரண்டு, ஒன்றுகள் இரண்டு. 2 மட்டும் ஜோடியின்றி நிற்கிறது. முதல் குவியலிலிருந்து அந்த இரண்டு கற்களை எடுத்துவிட்டால் எல்லாம் ஜோடி சேர்ந்துவிடும். எதிராளி எங்கே கை வைத்தாலும் ஜோடி கலையும். நாம் மறுபடி சேர்க்கலாம். இவ்வளவுதான். புரிந்துகொண்டவனுக்கு மனப்பாடம் செய்ய எதுவுமில்லை. 1940ல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் வெஸ்டிங்ஹவுஸ் வைத்த 'நிமட்ரான்' இயந்திரம் ஆடிக்காட்டியது இந்த ஆட்டத்தைத்தான்.

எல்லா ஆட்டத்துக்கும் இப்படி விதி அகப்படுவதில்லை. அகப்படாதபோது கம்ப்யூட்டர் முடிவிலிருந்து பின்னோக்கி வருகிறது. ஆட்டம் முடிந்த நிலைகளில் தோற்றவன் யாரென்று தெரியும். எதிராளியைத் தோல்வி நிலைக்குத் தள்ள ஒரு நகர்த்தலாவது இருந்தால் அது வெற்றி நிலை. எதை நகர்த்தினாலும் அவனுக்கே வெற்றி நிலை வாய்க்குமானால் அது தோல்வி நிலை. இரண்டிலும் சேராமல் மிஞ்சுபவை சமன். இந்தப் பின்னோக்கிய வழியில்தான் 2002ல் ஆம்ஸ்டர்டாமில் ஜான் ரோமைனும் ஹென்றி பாலும் 'அவாரி'யைத் தீர்த்தார்கள். நம் பல்லாங்குழிக்கு ஆப்பிரிக்க உறவு அது. 144 பிராசஸர்கள், 51 மணி நேரம், சுமார் 88,906 கோடி நிலைகள். இருவரும் பிசகாமல் ஆடினால் சமன் என்பது முடிவு. ஏன் சமன்? ஜாபிதாவில் அதற்குப் பதில் கிடையாது.

செக்கர்ஸ் ஆட்டத்தில் இந்த வித்தியாசம் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. மேரியன் டின்ஸ்லி கணிதப் பேராசிரியர், உலகச் சாம்பியன். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஜொனாதன் ஷேஃபர் 1989ல் தொடங்கிய 'சினூக்' புரொகிராமோடு அவர் 1990ல் ஆடினார். சினூக்கின் பத்தாவது நகர்த்தலைக் கண்டதுமே, இதற்காக வருந்த நேரும் என்றார். அப்படியே தோற்றது சினூக். 1992ல் லண்டனில் 4க்கு 2 என்று டின்ஸ்லி வென்றார். 33 ஆட்டங்கள் சமன். 1994ல் ஆறு ஆட்டங்கள் சமனாகியிருந்தபோது நோயால் விலகினார். அடுத்த வருஷம் இறந்துபோனார்.

2007ல் ஷேஃபர் குழு, செக்கர்ஸும் சமன் என்று நிரூபித்தது. பத்துக் காய்களும் அதற்குக் குறைவாகவும் உள்ள சுமார் 39 லட்சம் கோடி நிலைகள் பின்னோக்கிக் குறிக்கப்பட்டிருந்தன. ஆரம்பத்திலிருந்து முன்னோக்கி நடத்திய தேடல் அவற்றைப் போய்த் தொட்டது. டின்ஸ்லியும் தவறக்கூடியவர், இந்த ஜாபிதா தவறாது. இதைச் சிறுமைப்படுத்துவது அசட்டுத்தனம். ஆனால் இந்த நிரூபணத்தை எந்த மனிதனும் வாசிக்க முடியாது. இன்னொரு இயந்திரம் சரிபார்க்கலாம்.

விமர்சனத்திலும் இரு வகையினர் உண்டு. இன்னின்ன கவிதைகள் தேறும், இன்னின்னவை தேறா என்று ஜாபிதா தருபவர்கள் ஒரு வகை. ஜாபிதா சரியாகவே இருக்கலாம். புதிய கவிதை ஒன்று எதிரே வரும்போது அது வாய் திறப்பதில்லை. செக்கர்ஸ் பலகையை ஒரு வரிசை பெரிதாக்கினால் அந்த 39 லட்சம் கோடியும் உதவாது. பூட்டனின் விதிக்கோ நூறு குவியல்களும் மூன்று குவியல்களும் ஒன்றுதான். பத்தாவது நகர்த்தலில் டின்ஸ்லி கண்டது விதியுமல்ல, ஜாபிதாவுமல்ல. அது எதுவென்று சொல்ல இப்போது அவர் இல்லை. தீர்வு அதைக் கேட்கவுமில்லை.